ஒரு டப்பா ஐஸ்

சம்மட்டி விழுந்ததும் ஐஸ் பாளம் நான்காகப் பிளந்தது. அவள் துண்டுகளை வெறுங்கையால் வாரி மீன் பெட்டிகளில் போட்டாள். கையுறை கேட்டு எழுதிக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அந்தக் காகிதமும் இதற்குள் உறைந்து போயிருக்கும் என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. மிஞ்சிய துண்டுகளில் இரண்டு கை அள்ளிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுத் துணி சுற்றினாள்.

இதே ஐஸ் ஆலையில் பதினெட்டு வருஷம் பாளம் தூக்கியவர் அவள் கணவர். துணைக்கு ஆள் தேடாமல் தனியாகத் தூக்குவதால் 'கிரேன்' என்று பெயர். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கையோடு சேர்ந்து தொண்டையும் படுத்துவிட்டது. நோயாளிக்கு இதமாக இருக்கட்டுமே என்று அவள் வெதுவெதுப்பாக, உப்பு புளிப்பு எதுவுமில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அது அத்தனையும் கன்னத்திலேயே தங்கி இருமலோடு வெளியே வந்தது.

"செல்லம் குடுத்தே அவரைப் பட்டினி போடுறீங்கம்மா," என்றாள் ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி தரும் பெண். "சூடுமில்லாம சில்லுனுமில்லாம குடுத்தா, வாயில சாப்பாடு இருக்குன்னே அவருக்குத் தெரியாது. கெட்டியா, புளிப்பா, நல்லா சில்லுனு குடுங்க. தொண்டை முழிச்சுக்கும். வர்ற வெள்ளிக்கிழமை எடை ஏறலைன்னா மூக்குல குழாய்தான்."

குழாய் என்றதும் கிரேன் அழுதுவிட்டார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அன்றிலிருந்து இந்த டப்பாதான். எலுமிச்சை பிழிந்த கெட்டிக் கஞ்சியை ஐஸுக்கு நடுவில் வைத்து எடுத்து ஊட்டினால், முகத்தைச் சுளித்து, ஒரு கண்ணை மூடி, மடக்கென்று விழுங்கிவிடுவார்.

"கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் மூஞ்சிய வச்சிருந்தீங்க," என்பாள். அவருக்கு ஒரு பக்கமாகச் சிரிப்பு வரும்.

வாசல் காவலாளி கிரேனின் பழைய கூட்டாளி. "அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?" என்று கேட்பாரே தவிர, டப்பாவைத் தொட மாட்டார். இன்று, வியாழக்கிழமை, அவர் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார்.

"திறம்மா."

"மிச்சம் கெடந்ததுதான் சார். அவருக்கு சில்லுனு குடுத்தாத்தான் உள்ள எறங்குது..."

"இன்னைக்கு டப்பா, நாளைக்கு மூட்டையா? கொட்டுய்யா."

காவலாளி தலை நிமிராமல் டப்பாவை வாங்கிக் கவிழ்த்தார். உள்ளே இரண்டு பேர், அன்று மிஞ்சிய ஐஸை எல்லாம் மண்வெட்டியால் சாக்கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வீடு பத்து நிமிட நடை. டப்பாவைப் பார்த்ததுமே கிரேன் வாயைத் திறந்துகொண்டார். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கஞ்சியில் எலுமிச்சையைப் பிழிந்தாள்.

"இன்னைக்கு ஐஸ் இல்லைங்க. புளிப்பு தூக்கலா போட்டிருக்கேன். எனக்காக முழுங்கிடுங்க."

முதல் வாய் கன்னத்திலேயே நின்றது. இரண்டாவது வாய் ஓரமாக வழிந்தது. துடைக்கப் போன அவள் கை கழுத்தில் பட்டதும் அவர் சிலிர்த்துப்போனார். நன்றாக இயங்கும் இடது கையால் அவள் விரல்களைப் பிடித்து, தொண்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். வெளுத்து, நுனி வெடித்த விரல்கள். அவற்றுக்கடியில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அவ்வளவு சில்லுனா இருக்கு?"

"ம்," என்று அவர் மறுபடி வாயைத் திறந்தார்.

அவள் அவசரமாக அடுத்த கரண்டியை எடுத்தாள். விரல்களில் சூடு ஏறுவதற்குள் அரைக் கிண்ணமாவது உள்ளே போக வேண்டும்.