சின்னவள் செய்த கிரீடம்

பெற்ற மகள், தன் கல்யாண வரவேற்புக்குத் தலையில் வைக்கிற கிரீடத்தைச் சித்தியிடம் செய்யச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? அதுவும் அந்தத் தாய்க்குத் தொழிலே அதுவாக இருந்தால்!

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். வீட்டின் பின்னறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேஜை. கம்பியை வளைத்து, மணி கோத்து, வலைத்துணியும் இறகும் சேர்த்து, கடைசியில் ஒரு சின்னச் சீப்பின் மேல் வைத்துத் தைப்பார்கள். சீப்பைக் கொண்டையில் செருகினால் கிரீடம் நிற்கும். பெரியவள் செய்தது நின்றால் நின்றதுதான், புயலுக்கும் அசையாது. சீப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுற்று, சுற்றுக்கு இரண்டு முடிச்சு. சின்னவள் செய்வதோ காற்றில் வந்து உட்கார்ந்தது போல இருக்கும். வாங்க வருகிறவர்கள் பெரியவளின் வேலையைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்பார்கள். சின்னவளுடையதைப் பார்த்தால், "ஐயோ, என்ன அழகு!" என்பார்கள். அந்த "ஐயோ"வைத்தான் பெரியவளால் பதினோரு வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை.

"நீ செஞ்சா தலை வலிக்கும்மா. சித்தி செஞ்சா தலையில இருக்கறதே தெரியாது" என்று மகள் போட்டு உடைத்தாள்.

"செய்யட்டும், தாராளமா செய்யட்டும். எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள் பெரியவள். அன்று அவள் வளைத்த மூன்று கம்பியும் ஒடிந்தன.

வரவேற்பு அன்று மதியம். எல்லோரும் குளிக்கவும் தலை வாரவும் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். கிரீடம் அட்டைப்பெட்டிக்குள் சின்னவளின் மேஜையில் இருந்தது. பெரியவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கையில் சிவப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயர். அடிக்கம்பியில் ஒரே ஒரு வெட்டு போதும். ஒரு மணி நேரத்தில் இறகெல்லாம் சரிந்து காதில் தொங்கும். அப்புறம் யார் "ஐயோ" என்கிறார்கள் பார்க்கலாம்.

மேலே கிடந்த மெல்லிய தாளை விலக்கினாள். பாழாய்ப்போன கிரீடம் அழகாகத்தான் இருந்தது. சாம்பல் நிற இறகுகள், அவற்றின் அடியில் அரிசி அளவில் வெள்ளை மணிகள். அவள் வாயிலேயே "ஐயோ" வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் பிளேயரைப் பெட்டி மூலையில் போட்டுவிட்டு, கிரீடத்தை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினாள். திருப்பியவள் சிரித்துவிட்டாள். சீப்பு இரண்டே இடத்தில்தான் பிடித்திருந்தது, அதுவும் ஒற்றை நூலில். கனம் தெரியக் கூடாது என்று சின்னவள் நூலில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாள். மகளோ ஆடப் போகிறவள். நாலு சுற்று சுற்றினால் சீப்பு ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம். வெட்டவே வேண்டியதில்லை, தானாகவே மானம் போகும்.

சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். இனித்தது. மாலையில் நடக்கப்போவது கண்ணுக்குள் ஓடியது: கூடம் நிறைந்த கூட்டம், பாட்டு, கிரீடம் சரிகிறது, மகளின் கை தலைக்குப் போகிறது. அந்தக் கை அவளுக்குத் தெரியும். பள்ளி மேடையில் ரிப்பன் அவிழ்ந்து விழுந்தபோது, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அழுதபடி இறங்கிவந்த குழந்தை. ரிப்பனைக் கட்டிவிட்டவள் பெரியவள்தான். அதற்குப் பிறகுதான் எதற்கும் இரண்டு முடிச்சு போடுகிற வழக்கமே அவளுக்கு வந்தது.

"சே!" என்று சொம்பை வைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். ஊசியில் நூல் கோத்து, பல்லுக்குப் பல் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சு போட்டு, மேலே வலைத்துணியை இழுத்து மறைத்தாள். கிரீடத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

மாலையில் மகள் ஆடினாள், குதித்தாள். கிரீடம் இம்மியும் நகரவில்லை.

"ஐயோ! யாரு செஞ்சது?"

"எங்க சித்தி!"

ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. மகள் சித்தியைக் கட்டிக்கொண்டு, "அம்மா செஞ்சிருந்தா இந்நேரம் மாத்திரை தேடிட்டு இருப்பேன்" என்றாள். சின்னவள் சிரித்துக்கொண்டே அவள் தலையின் பின்பக்கத்தைத் தடவிக் கிரீடத்தைச் சரிசெய்தாள். வலைத்துணிக்கு அடியில் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள்.

சொல்லு, இது அக்கா தையல்னு சொல்லு என்று பெரியவளின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சித்தி செஞ்சதுன்னா சும்மாவா?" என்று சின்னவள் மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது, நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிடுவது என்று முன்னே போனாள். சின்னவள் எதிரே வந்து அவள் முழங்கையைப் பிடித்து, நாற்காலி வரிசைக்குப் பின்னால் அழைத்துப்போனாள். கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்த கட்டிங் பிளேயர். சிவப்புப் பிடி.

"பெட்டியில தாளுக்கு அடியில கிடந்துச்சுக்கா. அவ கண்ணுல படறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

தைக்க மட்டும் வந்தவளுக்குக் கம்பி வெட்டுகிற பிளேயரில் வேலை இல்லை. அது இருவருக்குமே தெரியும்.

"ஒத்தை நூல் தாங்காதுன்னு எனக்குத் தோணவே இல்ல. நல்லவேளை, நீங்க பார்த்தீங்க." அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். மனசைக்கூட இப்படி லேசாக வைத்துக்கொள்ள இவளால் மட்டும் எப்படி முடிகிறது என்று பெரியவளுக்கு முன்னைவிட எரிந்தது. பிளேயரை வாங்கித் தன் பையின் அடியில் திணித்தாள்.

"ரெண்டு இடத்துல தைச்சா எப்படிடி நிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.