ஐஸ் அக்காவின் ஊதாத் தண்ணீர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இப்போதே உதிரட்டும். சத்தியம் செய்தாகிவிட்டது, இனி விஷயம். ஐஸ் தொழிற்சாலைத் தெருவில் வாயைத் திறக்கிற எல்லோருடைய வாய்க்குள்ளும் முப்பது வருடங்களாக ஊதா வெளிச்சம் எரிகிறது.

ஆரம்பித்துவைத்தவர் ஐஸ் அக்கா. கீழே தொழிற்சாலை, மேலே வீடு. இரண்டுக்கும் ஒரே குழாய். அந்தக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து அக்காவின் ஐந்து வயது மகள் ஒரே வருடத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கில் விழுந்தாள். மூன்றாம் முறை குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல், நர்ஸ் இரண்டு கைகளிலும் தேடிவிட்டுக் கடைசியில் பாதத்தில் ஊசி குத்தினாள். அக்கா அழவில்லை. நேராகத் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் ஒரு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்கம்மா, பளிங்கு மாதிரி இருக்கு. உங்க பொண்ணு வயிறுதான் சரியில்ல" என்றார். "அப்போ நீங்க குடிங்க சார்" என்றார் அக்கா. மேலாளருக்கு அந்த நேரம் பார்த்து ஓர் அவசரக் கோப்பு நினைவுக்கு வந்தது.

மறுநாளே அக்கா புற ஊதா விளக்குக் கருவி ஒன்றை வாங்கிவந்தார். முழங்கை நீள எவர்சில்வர் குழல், அதனுள் கண்ணாடி உறை. உறைக்குள் போகவேண்டிய விளக்கு தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. உறையைச் சுற்றித் தண்ணீர் ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் வெளிச்சம் பட்ட கிருமிக்கு அதன்பின் வாரிசு கிடையாது. கலங்கல் தண்ணீரை முதலில் வடிகட்ட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை விளக்கை மாற்ற வேண்டும், என்ன ஆனாலும் வெறும் கண்ணால் உள்ளே பார்க்கக் கூடாது என்று விற்றவர் சொல்லி அனுப்பினார். கடைசி எச்சரிக்கையைத் தெருவே மனப்பாடம் செய்தது.

கருவியை மாட்டியவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன், குழாய்க்காரர். கைவேலை சுத்தம், ஞாபகம் ஓட்டை. ஸ்பேனரை எடுக்க ஒருமுறை வீட்டுக்குப் போனார், வாஷரை எடுக்க இன்னொருமுறை. மூன்றாம் முறை எதை எடுக்கப் போனோம் என்பதை மறந்து வெறுங்கையோடு திரும்பினார்.

"அண்ணே, தலையையாவது கொண்டுவந்தியா?"

"கழுத்து மேல இருக்கான்னு நீயே பார்த்துச் சொல்லு."

மாட்டி முடித்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தானும் மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்.

முதல் நாள் ஐஸ் கட்டிகள் ஊதாவாக ஒளிர்ந்தன. இரண்டாம் நாள் மகள் கொட்டாவி விட்டபோது எதிர்ச்சுவரில் ஊதா வட்டம் விழுந்தது. வயிற்றுவலி அவளை அதன்பின் எட்டிப்பார்க்கவில்லை. அக்கா வாசலுக்கு ஒரு குழாயை இழுத்துவிட்டு, வேண்டியவர்கள் பிடித்துக்கொள்ளலாம் என்றார். ஒரே மாதத்தில் தெரு முழுக்க ஊதா வாய். பல் மருத்துவர் தன் விளக்கை விற்றுவிட்டார். சினிமாக் கொட்டகையில் சிரிப்புக் காட்சி வந்தால் திரை வெளுத்துவிடும். புருஷன் காதில் மாமியாரைப் பற்றி முணுமுணுத்த மருமகள் வெளிச்சத்தால் பிடிபட்டாள்.

தண்ணீர் அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. எங்கள் தண்ணீர் ஏற்கெனவே சுத்தமானது. சுத்தமானதைச் சுத்தம் செய்வது அவதூறு. ஏழு நாளில் கருவியைக் கழற்றாவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டு. அக்கா நோட்டீஸை ஐஸ் கட்டிக்குள் உறையவைத்து, போகிறவர் வருகிறவர் படிக்கும்படி வாசலில் நிறுத்தினார். எட்டாம் நாள் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஊதா அணையவில்லை. ஐஸும் அக்காவைப் போலவே பிடிவாதமாக உறைந்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் நண்பகலில் மேலாளரே வந்தார். கூடவே நான்கு ஆட்கள், ஒரு பெரிய பூட்டு. தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லி மூன்று வாரமாக வாயில் கைக்குட்டையோடு திரிந்தவர் அவர். அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு கருவிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் எழுந்திருக்கும்படி கையை ஆட்டினார்.

"கையை ஆட்டினா மாடுகூட எந்திரிக்காது சார். வாயைத் திறந்து நோட்டீஸைப் படிங்க. படிச்சு முடிச்சா நானே எந்திரிச்சுடறேன். இல்லேன்னா எனக்கும் சேர்த்துப் பூட்டைப் போடுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். "இதனால்..." என்று ஆரம்பித்ததும் நோட்டீஸின் மேல் ஊதா வெளிச்சம் கொட்டியது.

"அம்மா, இந்த மாமாவும் நம்ம தண்ணிதான் குடிக்கிறாரு!" என்றாள் மகள்.

"பின்னே? இவர் வீட்டுக்காரம்மாதான் தினம் மூணு குடம் பிடிச்சிட்டுப் போகுதே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். தெரு சிரித்தது. நண்பகல் வெயிலே ஊதாவானது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மேல படிங்க சார். வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்?"

மேலாளர் வாயை மூடினார். மூடியவர் அந்தத் தெருவில் அதை மறுபடி திறக்கவில்லை. மறுநாள் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் மின்சாரம் திரும்பி வந்தது. அவர்கள் விட்டுப்போன பூட்டு ஐஸ் அறைக் கதவு ஆடாமலிருக்க முட்டுக் கொடுக்கிறது.

இன்று தொழிற்சாலையை மகள் நடத்துகிறாள். அந்தத் தெருவில் பிறக்கிற குழந்தை முதல் அழுகை அழுதால், டாக்டர் சத்தத்தோடு நிறத்தையும் குறித்துக்கொள்கிறார். வேறு யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வருடம் தவறாமல் அண்ணன் புது விளக்கோடு போவார், கதவைச் சாத்திக்கொள்வார், பத்து நிமிடம் முக்காலியில் உட்கார்ந்திருப்பார், "மாத்தியாச்சு" என்று வெளியே வருவார். நல்லபடியாக ஓடுகிற வேலையில் கை வைக்கக் கூடாது என்பது குழாய்க்காரர் தொழில் தர்மம்.

அந்த அண்ணன் நான்தான். முதல் நாள் வந்தது உட்பட முப்பது விளக்குகளும், ஒட்டுப் பிரிக்காத அட்டைப்பெட்டிகளில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.