செல்லத்துரை பெயரில் கொழுந்து

குளிராறு எஸ்டேட் ஹாக்கி அணியின் பதினொரு பேரும் தோட்டத் தொழிலாளிகள் என்றுதான் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்துக்கு வருவார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டதும் கை தூக்குவார்கள். மற்றவர்கள் மலையேறும்போது இவர்கள் மட்டும் மட்டையோடு மைதானத்துக்கு இறங்கிவிடுவார்கள். ஏலப்பாறைப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து நடத்தும் கோப்பையில் மூன்று வருஷம் தோற்ற ஆத்திரத்தில், ஐம்பத்திரண்டாம் வருஷம் பெரிய துரை செய்த ஏற்பாடு அது. ஆட்டக்காரனுக்கு ஆட்டமே வேலை. கொச்சியில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு மட்டும் இது தெரியக் கூடாது.

ஆட்டம் நடக்கும் மூன்று மாதமும் தேயிலைக் கொழுந்து பொங்கும் மாதங்கள். ஆண்களும் கவாத்துக் கத்தியை வைத்துவிட்டுக் கூடை கட்டியாக வேண்டும். பெயருக்கு நேரே நிறுவை இல்லாவிட்டால் கொச்சியிலிருந்து கேள்வி வரும். கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டக்காரன் வீட்டுப் பெண் பறிப்பதில் முதல் நாற்பது ராத்தலை அவன் பேரில் எழுதிவிட்டு, மிச்சத்தை அவள் பேரில் எழுதுவது. பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் மறுக்கவில்லை.

சந்தனமேரி மறுக்காததற்குக் காரணம் ஒரு கதவு. அவளும் அவள் புருஷன், ஆட்டக்காரன் செல்லத்துரையும் அவன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தார்கள். நடுவில் ஒரு சேலை தொங்கும். அந்தப் பக்கம் மதினி செபமாலையம்மாள் இருமினால் இந்தப் பக்கம் சேலை அசையும். ஆற்றுக்கு மேலே எட்டு வீட்டு லயம் ஒன்று புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. கோப்பை வந்தால் கல்யாணமான ஆட்டக்காரனுக்கெல்லாம் அதில் தனி வீடு என்று பெரிய துரை சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் செக்ரோலில் இருக்க வேண்டும். அது தோட்டத்தின் பழைய சட்டம்.

குழாய்க்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவது வீடு தனக்கு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கொத்தனார்கள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போய், மாதா படம் மாட்ட ஈரச் சுவரில் ஒரு ஆணிகூட அடித்துவிட்டு வந்தாள்.

அதனால் விடிந்ததும் முதல் ஆளாக மலையேறினாள். அறுபது ராத்தலுக்குக் குறைந்து அவள் கூடை இறங்கியதில்லை. நாற்பது அவனுக்கு, இருபது அவளுக்கு.

செபமாலையம்மாளின் புருஷனுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. அதனால் அவள் பறித்தது அவள் பேரிலேயே ஏறியது. நிறுவை முடிந்து இறங்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏட்டி மேரி, நீ பறிக்க, அவன் ஓடுதான். கோல் போட்டது யாருன்னு ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்டதான் கேக்கணும்."

"உங்க சேலையத் தாண்டிப் போகணும்லா மதினி, அதுக்குத்தான்" என்றாள் சந்தனமேரி.

அந்த வருஷம் குளிராறு ஏழு ஆட்டம் ஆடியது. ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்து, மிச்சத்தை ஜெயித்தது. கடைசி ஆட்டம் வண்டன்மேட்டு ஏலத்தோட்டக்காரர்கள் கட்டிய அணியோடு. துரை கொடுத்த ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுச் செல்லத்துரை வெறுங்காலோடு ஓடினான். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவன் அடித்த பந்து கோல்காரனின் காலுக்கிடையே போனது. ஊரே அவனைத் தூக்கி வந்தது. அன்றைக்கும் நிறுவை இருந்ததால் சந்தனமேரி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

பெரிய துரை கோப்பையோடு படம் பிடித்துக்கொண்டு ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறினார். மழை தொடங்கிய வாரத்தில் கொச்சியிலிருந்து கடிதம் வந்தது. தேயிலை விலை விழுந்துவிட்டதாம், ஆள் குறைக்க வேண்டுமாம். மூன்று மாத நிறுவையில் தினம் முப்பது ராத்தல் எட்டாத பெண்களின் பெயரை அடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். அடிபட்ட பெயர்கள் ஒன்பது. அதில் ஏழு, ஆட்டக்காரர் வீட்டுப் பெண்கள்.

சந்தனமேரி ஆபீசுக்குப் போனாள். ஹெட் கிளார்க் பஞ்சாபகேசன் கல்பாத்திக்காரர், இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை.

"நேக்குத் தெரியும் மேரி. தோட்டத்துக்கே தெரியும். ஆனா கொச்சிக்கு இந்தக் கடலாசுக் கணக்குதானே போறது. ரோல்ல இருபதுன்னு எழுதின கை என் கையாக்கும். அதை நானே அடிச்சா, கள்ளம் எழுதினவன் நானாயிடுவேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். பொறுப்பில் இருக்கும் சின்ன துரை நல்லவர். அந்தக் கொழுந்து தன்னுடையது இல்லை என்று செல்லத்துரையே வந்து சொன்னால் கேட்பார். திட்டுவார், ஒரு வாரம் வேலையில்லாமல் நிறுத்துவார், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஆனால் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அன்று சாயங்காலம் குழாயடியில் வைத்துச் சந்தனமேரி புருஷனிடம் சொன்னாள். அவன் உடனே சரி என்றான். ஒரு வாரம்தானே, போகட்டும் என்றான். அவளுக்காகக் குடத்தைக்கூடத் தூக்கி வந்தான்.

மறுநாள் இருவரும் ஆபீஸ் வராந்தாவில் நின்றார்கள். சுவரில் கோப்பையோடு எடுத்த படம் மாட்டியிருந்தது. நடுவில் பெரிய துரை, அவருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு செல்லத்துரை. சின்ன துரை வெளியே வந்ததும் படத்தையும் அவனையும் பார்த்துச் சிரித்தார். அடுத்த வருஷமும் கோப்பை குளிராறுக்குத்தான் என்றார். அதன் பிறகே ரோலைப் புரட்டினார்.

"நாப்பது ராத்தல், தினம் நாப்பது. எல்லாம் நீ எடுத்த கொழுந்தா?"

பஞ்சாபகேசன் எழுதுவதை நிறுத்தினார். செல்லத்துரை படத்தைப் பார்த்தான்.

"ஆமா தொரை."

"குட். அப்ப இவ ஏன் இருபது?"

"அவளுக்குக் கை மெதுவு, தொரை."

சின்ன துரை வருத்தம் தெரிவித்துவிட்டு உள்ளே போனார். பஞ்சாபகேசன் மறுபடி எழுதத் தொடங்கினார்.

வழியெல்லாம் செல்லத்துரை பேசிக்கொண்டே வந்தான். உண்மையைச் சொல்லித் தன் பெயரும் போனால் ரெண்டு பேரும் ரோட்டில்தானே நிற்க வேண்டும் என்றான். பெரிய துரை திரும்பி வரட்டும், அவர் காலில் விழுந்து கேட்கிறேன் என்றான். பாலத்தில் சந்தனமேரி நின்றுவிட்டாள்.

"பேரு போனது போகட்டும். கை மெதுவுன்னு என்னத்துக்குச் சொன்னீக?"



மூன்றாவது வீட்டுக்கு வேறொரு குடும்பம் குடிவந்தது. அவள் அடித்த ஆணியில் அவர்கள் அரிக்கன் விளக்கை மாட்டினார்கள். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் கதவு வழியாக அது தெரியும். செபமாலையம்மாள் இப்போது கேலி செய்வதில்லை. சேலையை இரண்டு சாண் தன் பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டாள். கேலியே தேவலை என்றிருந்தது சந்தனமேரிக்கு.

ஆட்டம் இல்லாத மாதங்களில் செல்லத்துரை நிஜமாகவே கூடை கட்ட வேண்டியதாயிற்று. முதல் நாள் ஒன்பது ராத்தல் பறித்தான். கொழுந்தோடு முற்றின இலையும் வந்தது. இரண்டாம் நாள் பதினொன்று. நாற்பது பறித்தவன் பதினொன்றுக்கு இறங்கினால் மேலே யாராவது கேட்பார்கள், அப்போது உன் பெயரும் நிற்காது என்று கங்காணி எச்சரித்தார். அதை அவன் வீட்டில் வந்து சொல்லவில்லை. கங்காணியே ஆள் அனுப்பிச் சந்தனமேரிக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் அவனுடைய கூடையைக் கட்டி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறினாள். கங்காணி பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். சாரல் விட்ட நேரத்தில் கீழே மைதானத்தில் பந்தில் மட்டை படும் சத்தம் கேட்டது. கை விட்டுப்போகக் கூடாது என்று சின்ன துரை தினம் ஒரு மணி நேரம் பழகச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் நிறுவைக் கொட்டகையில் பெயர் கூப்பிட்டார்கள்.

"செல்லத்துரை."

சந்தனமேரி முன்னால் வந்து கூடையைத் தராசில் மாட்டினாள். முள் அறுபத்திரண்டில் நின்றது. கங்காணி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு யோசித்தார்.

"நேத்துப் பதினொண்ணு, இன்னைக்கு அறுபத்திரண்டா? நாப்பது போடுதேன் மேரி. மிச்சத்த விட்டுரு."

"முழுசும் எழுதுங்க" என்றாள். "அவுகளுக்குக் கை வேகம்."