முந்தானைக்கு எட்டாத நம்பர்

சண்முகராஜா கொக்கோ வாங்கி விற்கிறவன். விலை பேசுவதில் மகா கெட்டிக்காரன். சுத்தியலைக் கையில் கொடுத்தால் மட்டும் முதல் அடி தன் விரலில்தான் விழும். அப்பேர்ப்பட்டவன், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி மாத்தளைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. அவன் மனைவி பரிமளம் சிரிக்கவில்லை. பின்னால் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

கடைக்கு மேலேதான் வீடு. மாமியார் நல்லம்மா, கொழுந்தன்மார், வருவோர் போவோர் என்று எந்நேரமும் சந்தைதான். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேச அங்கே மூலை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் மாரியம்மன் கோயிலுக்குப் போக அனுமதி உண்டு. அம்மனை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் ஊருக்கு வெளியே அலுவிகாரைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ஓடுகிற வண்டியில் எதைக் கத்திச் சொன்னாலும் யார் காதிலும் விழாது. தன் புருஷனுக்குப் பல்லியைக் கண்டால் பயம் என்பதே பரிமளத்துக்கு அந்த ரோட்டில்தான் தெரிந்தது. வாரம் முழுவதும் அவள் அந்த ஒரு மாலைக்காகத்தான் அம்மி அரைத்தாள்.

அதற்கும் ஆபத்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் போலீஸ் சார்ஜன் டிங்கிரிபண்டா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

"எங்க நம்பர்?"

நம்பர் தகடு சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் பரிமளத்தின் முந்தானை போர்த்திக் கிடந்தது. இடுப்பில் செருகித்தான் வந்தாள். மேட்டில் காற்று உருவிவிட்டது.

"சீலை மறைக்கப்படாது. பொழுது சாஞ்சா நம்பருக்கு வெளக்கும் வேணும். அடுத்த தடவ கோட்டுதான்" என்றார் சார்ஜன்.

அந்த இடத்தில் எண்ணெய் விளக்கு வைத்தால் முந்தானை பற்றிக்கொள்ளும். வைக்காவிட்டால் கோர்ட்டு. விஷயம் வீட்டுக்கு வந்ததும் நல்லம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"இதுக்கு ஏன்டா மண்டைய ஒடைக்கிற? அவள வீட்டுல விட்டுட்டுப் போ. சீலையும் மறைக்காது, ஒண்ணும் பத்திக்காது."

யாரும் குறை சொல்ல முடியாத யோசனை. பரிமளம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். அவ்வளவுதான்.

ரசம் கேட்கத் தெரிந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். இரண்டு நாளில் பின்கட்டில் டங்கு டங்கென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். வண்டியில் தகட்டைக் காணோம். அவன் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அடுத்து சீட்டையும் கழற்றிவிட்டுக் கொக்கோ மூட்டை வைக்கப் பலகை அடிப்பான் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாக ஆகிவிடும். எதிரே தகரவேலை செய்யும் ஜமால்தீன் நானா சத்தம் போட்டதும் அவள் காதில் விழுந்தது.

"ஒங்களால ஏலாது தம்பி! வெரலாவது மிஞ்சட்டும், இங்க தாங்க!"

வெள்ளிக்கிழமை வந்தது. பரிமளம் கோயிலுக்கு நடந்தே போவதென்று பூத்தட்டோடு கீழே இறங்கினாள்.

"எங்க நடக்குற? ஏறு" என்றான் சண்முகராஜா.

சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. தகடுதான் இடம் மாறி, பின்சக்கரத்தின் வலப்பக்கம் தாழ்வாக ஒரு இரும்புப் பட்டையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. தகட்டைப் பார்த்த பக்கம் வெள்ளைக் கண்ணாடி, பின்பக்கம் சிவப்பு.

"நீ எப்பவும் எடப்பக்கந்தான் கால தொங்கப்போடுற. முந்தானையும் அந்தப் பக்கந்தான் பறக்குது. அதான் இதுகள வலப்பக்கம் கீழ எறக்கியாச்சு."

முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறானே! பரிமளத்தின் கோபம் பாதி இறங்கியது. ரசத்துக்கான பாதி அப்படியே இருந்தது.

அலுவிகாரைக்குக் கிட்டே அதே சார்ஜன். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"எதுக்கு மொதலாளி இவ்வளவு பாடு? நோனாவ வீட்டுல விட்டிருந்தா முடிஞ்சிச்சே?"

பரிமளம் புருஷன் முதுகைப் பார்த்தாள். மாமியார் சொன்ன அதே யோசனை. இந்தத் தடவை ரசம் இல்லை.

"நம்பர எங்க வேணும்னாலும் மாட்டிக்கலாம், சார்ஜன் மாத்தயா. இவளுக்கு எடம் இதுதான்."

அதுவரை சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த பரிமளம், சார்ஜன் பார்க்கப் பார்க்கவே கையை எடுத்துப் புருஷனின் தோளில் வைத்தாள். சந்தோஷத்தில் கண் கரித்தது. மிச்சக் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று அவர்கள் வழக்கத்தைவிட வெகுதூரம் போய்த் திரும்பினார்கள்.

மறுநாள் காலை பரிமளம் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அலுவிகாரையிலிருந்து வெற்றிலை கொண்டுவரும் ரவூப் நல்லம்மாவிடம் ஏதோ சிரித்துப் பேசிவிட்டுப் போனான். நல்லம்மா வெற்றிலையை மடித்தபடி அடுக்களைக்கு வந்தாள்.

"மகன் வண்டி நம்பர் அவனூரு ரோட்டுல நல்லா வெளிச்சமா தெரிஞ்சிச்சின்னு ரவூப் சொல்றான். கோயில் எப்ப அலுவிகாரைக்கு மாறிச்சி?"

பரிமளத்தின் கை நின்றது. சார்ஜனிடம் புருஷன் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. பயம் வரவில்லை.

"நேத்துத்தான் அத்தை" என்றாள்.

நல்லம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழம ஒரு சால்வ எடுத்துக்கிட்டுப் போ. அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி."