ஆமென் சொல்லும்வரை

கேட்பதற்கென்றே ஒரு சங்கம் நடத்துகிறோம் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். "கேக்கறதுக்கு எதுக்கு சங்கம்? காது இருந்தா போதாதா?" என்று என் கொழுந்தனார் கேட்டார். போதாது. காது எல்லோருக்கும்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொள்ளத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்தியே பழகிய எனக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது ஆண்டவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆன்ம வழித்துணையாளர் சங்கம் என்பது எங்கள் பெயர். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ. எல்லோரும் உண்டு. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மனசு எங்கே ஓடுகிறது, கடவுள் பக்கத்தில் இருக்கிறாரா, கைவிட்டுவிட்டாரா என்று யாரிடமாவது பேச வேண்டும் என்று வருகிறவர்களோடு மாதம் ஒரு முறை உட்காருவோம். அவர்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம். புத்தி சொல்லக்கூடாது. எல்லாம் தன்னார்வம்தான், யாருக்கும் சம்பளம் கிடையாது. கேட்கிற எங்களுக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதால், ஒவ்வொரு வழித்துணையாளரும் இன்னொருவரிடம் போய் உட்கார வேண்டும் என்றும் ஏற்பாடு.

இரண்டு வழக்கங்களை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, உட்கார்ந்து கேட்டது அந்த நாற்காலியோடு சரி. வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டுமல்ல, சொன்னவருடைய நல்லதுக்கென்று கூட அதை வெளியே பயன்படுத்தக்கூடாது. இரண்டாவது, கூட்டத்தில் எந்த முடிவு எடுப்பதற்கு முன்பும் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி "மௌனம்" என்று கேட்கலாம். கேட்டால் மறுக்க முடியாது. கேட்டவர் "ஆமென்" சொல்லும்வரை எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன பிப்ரவரியில் இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

என் பெயர் ஆரோக்கியம்மாள். சங்கத்தில் எல்லோருக்கும் டீச்சர். அப்போது ஆறு வருஷமாக நான்தான் ஒருங்கிணைப்பாளர். இந்த வருஷம் இறங்கிவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்திருந்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பொங்கல் கழிந்த ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஊருல உள்ளவங்க சொல்றதெல்லாம் ஒக்காந்து கேக்குற. என்னுத எப்பக் கேப்ப?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரசம் ஊற்று என்கிற மாதிரி சொன்னார். அது எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திவிட்டது.

அடுத்த ஒருங்கிணைப்பாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரிசில்லாதான். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். கோயிலில் பாட்டுக் குழு, ஞாயிறு பள்ளிக்கூடம், சங்கத்தில் பயிற்சி வகுப்பு, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பாள். அப்படி ஒரு ஆளைப் பார்த்தால் எந்தச் சங்கம்தான் விடும்?

ஆனால் பிரிசில்லா என்னிடம்தான் வந்து உட்காருகிறவள். ஜனவரியில் வந்தபோது அவள் சொன்னதை அவள் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். எதை எழுதக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள், அதை எழுதவில்லை.

"டீச்சர், எனக்கு ஜெபமே வரல. கண்ண மூடுனா யாருக்கு என்ன செய்யணும்னுதான் வருது. கடவுள்கிட்டயும் சரிங்க சரிங்கன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன். அவரு என்னா கேட்டாருன்னே எனக்குத் தெரியல" என்றாள். அப்புறம், "அந்தப் பொறுப்ப என் தலையில கட்டப் போறாங்கன்னு தெரியுது. கட்டுனா நான் உடைஞ்சு போயிடுவேன் டீச்சர். ஆனா கேட்டாங்கன்னா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்று அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

கூட்டம் கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஒரு தியான இல்லத்தில் நடந்தது. சிதம்பரத்திலிருந்து நானும் பிரிசில்லாவும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். பி.முட்லூர் தாண்டும்வரை நான் வானிலையைப் பற்றியே பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு நான் செய்து எடுத்துவந்த கத்தரிக்காய்க் கொத்சுப் பாத்திரத்தையும் என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்காமலேயே வாங்கிக்கொண்டாள், அதுதான் பிரிசில்லா.

சாப்பாட்டு ஏற்பாடு அருள்முருகனுடையது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், எங்கள் பொருளாளர். ஞானஸ்நானம் வாங்கியபோது பெயரை மாற்றச் சொன்னவர்களிடம், "அருள் ஏற்கெனவே இருக்குதே, அது போதாதா?" என்று கேட்டவர். தங்கமான மனுஷர், ஆனால் பசி மட்டும் தாங்க மாட்டார். அன்று துறைமுகத்தில் விடியற்காலையிலேயே வஞ்சிரம் வாங்கி, சமையற்கட்டில் வறுக்கக் கொடுத்திருந்தார். வாசனை கூட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால்தானோ என்னவோ, கடைசி விஷயத்தை வேகமாக எடுத்தார். "அடுத்த ஒருங்கிணைப்பாளரா நம்ம பிரிசில்லாவ நான் சொல்றேன். ஜாஸ்தி பேச ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் சம்மதந்தானே?"

எல்லோரும் கைதட்டினார்கள். பிரிசில்லா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் சொன்னா... சரிங்க" என்றாள்.

வாயைத் திறந்து, 'ஏம்மா, ஜனவரியில என்கிட்ட என்ன சொன்ன?' என்று கேட்கத் துடித்தேன். கேட்க முடியாது. அவள் காலை மிதிக்கலாமா என்று பார்த்தேன், அதுவும் கேட்டதைப் பயன்படுத்துவதுதான். கண்ஜாடைகூடக் காட்டக்கூடாது. எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். கையைத் தூக்கினேன்.

"மௌனம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மின்விசிறி ஓடியது. சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. நான் ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். 'இந்தப் பொண்ணுக்கு வாயைக் கொடும்' என்று கடவுளோடு சண்டை போட்டேன். பிறகு "ஆமென்" என்றேன்.

"என்னாம்மா, சரிதானே?" என்றார் அருள்முருகன்.

"சரிங்கண்ணே" என்றாள் பிரிசில்லா.

மறுபடியும் கையைத் தூக்கினேன். இந்த முறை இன்னும் நீளமாக விட்டேன். பக்கத்தில் யாரோ செருமினார்கள். யாரோ செல்போனில் மணி பார்த்தார்கள். வறுவல் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது, ஆறுகிறது என்று அர்த்தம். ஆமென்.

"சரிங்க" என்று அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன்.

அருள்முருகனுக்குப் பொறுமை போய்விட்டது. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. மனசுல பட்டத கேட்டுடறேன். உங்களுக்கு அந்த நாற்காலிய விட்டு எறங்க மனசு வரலியா?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு சொட்டுக் கண்ணீர் எட்டிப் பார்த்தது, அவமானத்தில்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் பிரிசில்லாவுடையது, என்னுடையது இல்லை. விழுங்கிவிட்டேன்.

"மௌனம் கேட்டிருக்கேன் அருளு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். ஊரே என்னை நாற்காலிப் பைத்தியம் என்று நினைக்கட்டும், சாயங்காலம்வரை ஆமென் சொல்லப்போவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். நான் செய்தது வழக்கத்துக்குள் அடங்குமா, மீறலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் மேல் எனக்கு இருந்த பிரியத்துக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

ஆமென் வருவதற்கு முன்பே ஒரு குரல் வந்தது.

"முடியாது."

கண்ணைத் திறந்தேன். பிரிசில்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"என்னால முடியாதுங்கண்ணே" என்றாள் அருள்முருகனைப் பார்த்து. "எனக்கு ஜெபமே வரல. மொதல்ல நான் கொஞ்ச நாள் சும்மா ஒக்காரணும். இத டீச்சர்கிட்ட ஜனவரியிலேயே சொல்லிட்டேன். அவுங்க அத வெளிய சொல்லாம, நீங்க சொன்ன பேச்சையும் வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நாற்காலி ஆசையாம், நாற்காலி ஆசை!"

கடைசி வார்த்தைகளைக் கத்தியே சொன்னாள். பிரிசில்லா கத்தி நான் கேட்டதே இல்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அருள்முருகன் எழுந்து என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க டீச்சர். பசியில ஒளறிட்டேன்" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் சொன்னார்: "இப்பிடி ஒரு ஆள வெச்சிக்கிட்டு நாம ஏன் வெளிய தேடணும்? டீச்சரே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டும்!"

கைதட்டல் முன்பைவிடப் பலமாக இருந்தது. அத்தனை முகங்களிலும் அத்தனை பிரியம். என் வாய் தானாகத் திறந்தது.

"எல்லாரும் சொன்னா... சரி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் சொன்ன அதே வார்த்தைகள். வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷரின் முகம் ஞாபகம் வந்தது. என்னுத எப்பக் கேப்ப?

பிரிசில்லா கையைத் தூக்கினாள்.

"மௌனம்" என்றாள்.

அருள்முருகன் சமையற்கட்டுப் பக்கம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். அறை அடங்கியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ஆறு வருஷமாக எத்தனையோ பேருக்காக மௌனம் கேட்டிருக்கிறேன். எனக்காக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ஒருங்கிணைப்பாளரா நானே இருந்துட்டுப் போறேன் டீச்சர். சாப்புடலாம், வாங்க" என்று கண்ணைத் திறக்காமலேயே முனகினார் அருள்முருகன். இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். பிரிசில்லா அசையவில்லை. அவள் காத்திருந்தது அவருக்காக இல்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

நான் முடியாது என்று தலையாட்டினேன்.

"ஆமென்" என்றாள் பிரிசில்லா.