தொட்டிச் செடியும் ரப்பர் சீலும்

மூன்று சான்றிதழ்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியது அவள் இல்லை, அவள் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதர். கையில் ட்ரில்லிங் மெஷின் இருந்துவிட்டால் சும்மா இருக்க மாட்டார். "படிச்சு வாங்கினதை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி, மூன்று ஓட்டை போட்டு மூன்றையும் மாட்டிவிட்டார். அன்றையிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னாலேயே சுவரைப் பார்த்து, "அப்ப வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கிடைத்தால்தானே. நாற்பத்தொரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். வேண்டாம் என்று சொல்லக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லை.

அவள் படித்தது யூஎக்ஸ் டிசைன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். போனிலோ காகிதத்திலோ இருக்கிற ஒரு விஷயத்தை, ஆட்கள் திருதிருவென்று முழிக்காமல் பயன்படுத்துகிற மாதிரி அமைத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனிலேயே படித்தாள். இரண்டு வருஷத்தில் மூன்று ஆன்லைன் கோர்ஸ். நாலாவது ஒன்றும் தயாராக நின்றது. ஆறு மாதக் கோர்ஸ். "இடங்கள் வேகமாக நிரம்புகின்றன" என்று தினமும் ஒரு மெயில் வரும். ஒரு மாதமாக நிரம்பிக்கொண்டே இருந்தது, நிரம்பின பாட்டைக் காணோம்.

பிழைப்புக்கு அவள் பார்த்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன் கவுண்டர் வேலை. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. டாக்டர் சீட்டை வாங்கி, பெயரைப் பதிந்து, எப்போது வரவேண்டும் என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அங்கே மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அந்த மனிதர்தான் இந்த வாரத் தொடக்கத்தில் அவளைக் கூப்பிட்டு, புதுக் கிளைக்கு அவளையே பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார். சம்பளம் கூடும். ஆனால் இரண்டு வருஷம் விலகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் சனிக்கிழமைக்குள்.

இரண்டு வருஷம் என்றால் அவளுக்கு நாற்பது வயதாகிவிடும். அதற்கப்புறம் புதுத் தொழிலில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதற்காகக் கையிலிருப்பதை விட்டுவிட்டு மூன்று கண்ணாடிச் சட்டத்தை நம்பி உட்கார முடியுமா? யோசித்து யோசித்துத் தலை கனத்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து நாற்பத்திரண்டாவது கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதன்கிழமை இன்டர்வியூ.

பல் வலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். மருத்துவமனைகளுக்கு முன்பதிவு ஆப் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி, மாடியில் நாலு மேஜை. கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவள் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு பெண். இவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். கோர்ஸில் செய்ததைக் காட்ட இவள் அனுப்பியிருந்த பைலை அவள் கணினியில் திறந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இந்த வாரத்துல இது எனக்கு ஏழாவது செடி," என்றாள்.

இவளுக்குப் புரியவில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரி திரையைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாக ஏழு பைல். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஞாபகப்படுத்துகிற ஆப், ஏழிலும் அதே ஆப். யாருக்காகச் செய்தோம் என்று காட்டுகிற பக்கத்தில், ஏழிலும் ஒரே ஆள். முப்பத்திரண்டு வயது, கண்ணாடி போட்ட வங்கி ஊழியை, செடி மேல் கொள்ளை ஆசை, நேரம்தான் இல்லை. போட்டோ கூட ஒன்றேதான். இது மாதிரிக்குத்தான், உங்கள் சொந்த ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ஸில் பக்கத்துக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். யார் பார்த்தார்கள்? இவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"அஞ்சு பேர்கிட்ட பேசி விசாரிச்சதா எழுதியிருக்கீங்க. யார் யார்?"

"என் வீட்டுக்காரர். நாத்தனார். பக்கத்து வீட்டு டீச்சர்."

"மிச்சம் ரெண்டு பேரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பல் வலியோடு அன்றைய பொய் போதும் என்று தோன்றியது. "நான்தான்," என்றாள்.

"ரெண்டு பேருமா?"

"ஒருத்தி செடி பிடிக்கிறவ. இன்னொருத்தி பிடிக்காதவ."

கட்டம் போட்ட சட்டைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, உங்க வீட்டுல செடி இருக்கா?"

"ஒண்ணு இருந்துச்சு. இந்தப் படிப்புல இறங்கினதுக்கப்புறம் தண்ணி ஊத்த மறந்து காஞ்சு போச்சு."

அந்தப் பெண்ணுக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். போகிற போக்கில் கேட்டுவிட்டாவது போவோம் என்று, "ஆறு மாசத்துக்கு இன்னொரு கோர்ஸ் இருக்கு. அதை முடிச்சுட்டு வந்தா எடுத்துக்குவீங்களா?" என்றாள்.

"அதுலயும் செடிதானா?"

"இல்ல. நாய்க்குட்டி தத்தெடுக்கிற ஆப்பு."

"நாய்க்குட்டி போன மாசம் பதினொண்ணு வந்துச்சு," என்றாள் அவள். பிறகு பைலை மூடிவிட்டு, "இதெல்லாம் கிடக்கட்டும். இப்ப என்ன வேலை பார்க்கிறீங்க, அதைச் சொல்லுங்க," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்றானதும் இவளுக்கு நாக்கு தாராளமாகப் புரண்டது. வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் எதையாவது குடித்துவிட்டு வந்து நிற்பதைப் பற்றிச் சொன்னாள். தினம் ஒன்பது பத்துப் பேர் திரும்பிப் போவார்கள். லீவு போட்டு வந்தவர்கள் கவுண்டரில் கத்துவார்கள், இவளும் பதிலுக்குக் கத்துவாள். சீட்டில் 'எதுவும் சாப்பிடாமல் வரவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பார்த்தாள். ஒரு ஆள் குறையவில்லை. அப்போதுதான் இரண்டாவது கோர்ஸில் ஒரு பாடம் வந்தது: நீயாக ஊகிக்காதே, ஆட்களைக் கேள். ஒரு நோட்டு வாங்கினாள். திரும்பிப் போகிற ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினாள். டீ. டீ. பிஸ்கட். டீ. காப்பி. டீ. சாப்பாடு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் டீ சாப்பாட்டிலேயே சேர்த்தி இல்லை. உடனே 'டீ, காப்பியும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்' என்று ஒரு ரப்பர் சீல் செய்து, சீட்டின் தலைப்பில், பரிசோதனைக் கூடத்தின் பெயருக்குப் பக்கத்தில் குத்த ஆரம்பித்தாள். பத்துப் பேர் ஒன்றிரண்டு பேராகக் குறைந்தார்கள்.

பாருங்கள், வீட்டுப்பாடத்தில் ஆள் மாறாட்டம் செய்தவள், வேலையில் ஒரு எழுத்து ஏமாற்றவில்லை. ஆனால் அது அவளுக்கே தெரியாது.

"இதை ஏன் பைல்ல போடல?"

"அது வேலைதானேங்க. தொல்லையா இருந்துச்சு, சரிபண்ணேன். அதுக்கு யாரு சர்டிபிகேட் தர்றாங்க?"

கட்டம் போட்ட சட்டைக்காரி போனில் காலண்டரைத் திறந்தாள். "சனிக்கிழமை காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டாள். "நான் வந்து ஒரு ஓரமா உட்கார்ந்து பார்க்கிறேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அந்தப் பொண்ணு பார்த்துட்டு, சரிம்மான்னு போயிட்டா? கிளை வேலையும் போயிடுமே," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு எரிச்சலாக வந்தது. நாத்தனார் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அண்ணி, அடுத்த தடவை என்கிட்ட விசாரிக்கறதா இருந்தா சாப்பாடு போட்டுட்டுக் கேளுங்க. அன்னைக்கு இருந்த பசியில செடி ஆப்பு வேணுமான்னதும் வேணும்னுட்டேன்," என்றாள்.

சனிக்கிழமை ஆறரைக்கு இவள் கதவைத் திறந்தாள். கட்டம் போட்ட சட்டைக்காரி வந்து, மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில், தனக்குத்தான் ரத்தம் எடுக்கப் போகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு மட்டும் ஒருத்தரும் டீ குடித்துவிட்டு வந்துவிடக் கூடாது என்று இவள் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள். முதல் இருபது பேர் சொக்கத் தங்கம். எட்டு மணிக்கு மேனேஜர் 'ரெண்டு நிமிஷம்' ஒப்பந்தக் காகிதத்தோடு வந்து, பேனாவையும் கவுண்டர் மேல் வைத்து, "ரெண்டு நிமிஷ வேலைம்மா, படிச்சிட்டு கையெழுத்துப் போடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்து வந்தவர் ஒரு லாரி டிரைவர். இரவெல்லாம் ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. இவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"எதுவும் சாப்பிடலையேங்க?"

"ஒண்ணுமே இல்லம்மா. வழியில ரெண்டு டீ, அவ்வளவுதான்."

போச்சு. ஒழிந்தது. மீன்தொட்டிப் பக்கம் பார்க்காமலே அங்கிருந்து இரண்டு கண் தன் மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. சீலில் போட்டிருக்கிறதே, பார்க்கத் தெரியாதா என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்டும் இருப்பாள். ஆனால் ஒன்றரை வருஷப் பழக்கம், கை தானாகப் போய் நோட்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு கத்த முடியாது, கேட்கத்தான் முடியும்.

"உங்க சீட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"சீட்டு மக கிட்ட இருக்கு. அவதான் வியாழக்கிழமை வந்து பதிஞ்சா. எனக்கு இதுல அனுப்பினா," என்று போனை நீட்டினார்.

போட்டோவில் அவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, நேரம் இருந்தது. தலைப்பு இல்லை. அப்பாவுக்கு வேண்டியது எதுவோ அதை மட்டும் பொறுப்பாகப் பிடித்து அனுப்பியிருந்தாள் அந்தப் பெண். கூடத்தின் பெயர் அவருக்கு எதற்கு? அதோடு சேர்ந்து சீலும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

இவள் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் காகிதம் காத்திருக்கிறது என்பதெல்லாம் மறந்தே போய்விட்டது. "தப்பு உங்க மேல இல்லைங்க," என்றாள். "நான்தான் சீலைத் தப்பான இடத்துல குத்தியிருக்கேன்." நோட்டில் 'போட்டோ' என்று எழுதினாள். அவருக்குத் திங்கட்கிழமைக்கு வேறு சீட்டு அடித்து, பெயருக்கு நேர்கீழே, யாரும் விட்டுவிட்டுப் படம் பிடிக்க முடியாத இடத்தில் சீலைக் குத்தினாள். "இதை மகளுக்குக் காட்டுங்க. ராத்திரி எட்டு மணிக்கப்புறம் டீயும் கிடையாது."

"நீ சொல்லிட்டேல்ல, விடும்மா," என்று அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே போனார். அடுத்துப் பதிய வந்தவருக்கும் பெயருக்குக் கீழேதான் குத்தினாள். அதற்கடுத்தவருக்கும்.

வரிசை ஓய்ந்ததும் கட்டம் போட்ட சட்டைக்காரி கவுண்டருக்கு வந்தாள். "அவரு டீன்னு சொன்னதும் உங்க மூஞ்சி செத்துப் போச்சு," என்றாள்.

"போகாதா பின்ன. நீங்க வந்த அன்னைக்கா இப்படி நடக்கணும்?"

"நான் எத்தனையோ பேரை இன்டர்வியூ பண்ணியாச்சு. ஒருத்தர் தப்பாப் பயன்படுத்திட்டார்னு காட்டினா, அவருக்குப் படிக்கத் தெரியலன்னுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வாங்க. நீங்க சீலை நகர்த்தினீங்க." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "முதல் மூணு மாசம் பயிற்சி, சம்பளம் உண்டு. அப்புறம் நிரந்தரம். எப்ப வர முடியும்?"

இவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒரு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும்," என்றாள். பிறகு, கேட்காமல் விட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்ததால், "அந்த மூணு சர்டிபிகேட்டும் அப்ப வேஸ்டுதானா?" என்று கேட்டாள்.

"நோட்டு வாங்கச் சொன்னது அதுல ஒண்ணுதானே? அது போதும். நாலாவது வேண்டாம்," என்றாள் அவள். படியிறங்குகிற சத்தம் கீழே போய் மறைகிற வரை இவள் அசையாமல் நின்றாள்.

அப்பாடா என்று இருந்தது. வெறும் அப்பாடா இல்லை, இரண்டு வருஷமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன மாதிரி. ஒப்பந்தக் காகிதத்தை மடிக்காமல், பேனாவையும் அதன் மேலேயே வைத்து, மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். "மன்னிச்சுக்கங்க சார், எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு," என்றாள். மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ரெண்டு நிமிஷம் என்று சொல்லவில்லை. "பல் வலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எங்கேயோ ஒரு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"கிடைச்சிடுச்சுங்க."

உறுமல் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார். "சர்டிபிகேட்டைப் பார்த்துட்டுத்தானே கொடுத்தாங்க?"

"பார்க்கவே இல்லைங்க."

"அப்ப சுவத்துல மூணு ஓட்டை?"

"அதுல ஒண்ணுல அந்த நோட்டை மாட்டுங்க," என்றாள்.

போனை வைத்தபோது, உள்ளே ரத்தம் எடுக்கிற அக்கா டீ கிளாஸோடு வந்து, "என்னடி, காலையிலேர்ந்து பேய் அறைஞ்ச மாதிரி இருந்தே, இப்ப சிரிக்கிற," என்று அதை அவள் கையில் கொடுத்தாள். எழுந்ததிலிருந்து பயத்தில் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கேட்டாள்.