மார்செலின் முழங்கால்

பிரான்சில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், ஒரு தொலைபேசிக் கடையின் மூலையில் இருபத்தேழு வருடமாக மேசை போட்டிருக்கிறேன். பெயர் தவரத்தினம். விசா, வீடு, உதவிப்பணம் என்று எதற்கும் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பேன். என் கடிதங்களை வாசித்து அலுவலர்கள் அழுவார்கள் என்று எங்கள் லா ஷப்பேல் பகுதி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். என் முறை எளிது. முதல் பந்தியில் நோய், இரண்டாவதில் இருட்டு, மூன்றாவதில் கூப்பிய கை. எழுத வருகிறவர் திடமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

என் மகள் சுபாங்கி தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் தாதி. அங்கே தீயணைப்புத் தொண்டராகவும் இருக்கிறாள். கோடைதோறும் பைன் காடு பற்றுகிற இடம். தொண்டர்கள் பதினான்கு பேர், தண்ணீர் வண்டி ஒன்று, அதற்கு வயது முப்பத்துநாலு. புது வண்டிக்கு மாவட்ட நிர்வாகம் பணம் ஒதுக்க வேண்டும். நிலையத் தலைவர் மார்செல் இரண்டு தடவை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

“அப்பா, நீங்கள் ஒருக்கா எழுதிப் பாருங்கோவன். மார்செலும் ஓம் எண்டவர்” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே எழுதி, அவளுக்கும் காட்டாமல், நிலையத்தின் பெயரில் நேரே அனுப்பினேன். மேதைகள் யாரிடமும் காட்டித் திருத்துவதில்லை.

இரண்டு மாதத்தில் நிலையத்துக்கு நிர்வாகத்தின் பதில் வந்தது. கடிதம் அவர்களை உண்மையிலேயே உலுக்கியிருந்தது. இவ்வளவு நலிந்த மனிதர்களை நெருப்புக்குள் அனுப்புவது மனிதாபிமானம் அல்ல என்று எழுதியிருந்தார்கள். ஆகவே நிலையத்தை மூடிவிட்டு, முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்திடம் பொறுப்பை ஒப்படைக்கப் போகிறார்களாம். மறுப்பிருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும்.

சுபாங்கி தொலைபேசியில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

“மார்செலுக்கு முழங்கால் ஏலாது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடி இருந்தா கடிதத்துக்கு நல்லா இருக்கும் எண்டு நினைச்சன்.”

“போன கிழமையும் அவர்தான் எங்களுக்கு முதல் மலை ஏறினவர். அப்பா, நாங்கள் பாவப்பட்ட ஆக்கள் இல்லை. எங்களிட்டை நல்ல வண்டி இல்லை. அவ்வளவுதான்.”

மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘நாங்கள் நலமாக இருக்கிறோம்’ என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அந்தத் துறையில் எனக்குப் பழக்கம் இல்லை. கடைசியில் அவளுக்கே தொலைபேசி எடுத்தேன்.

“போன ஆவணி நெருப்பிலை என்ன நடந்தது?”

“ஏழு நிமிசத்திலை பதினாலு பேரும் வந்திட்டினம். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினனாங்கள்.”

“நீ எங்கை நிண்டனீ?”

“பள்ளிக்கூடச் சுவரடியிலை. குழாய் என்ரை கையிலை.”

அவள் தொண்டராகி மூன்று வருடம், ஒருநாளும் இப்படி நான் கேட்டதில்லை. மகள் தாதி என்று மட்டும்தான் ஊருக்குச் சொல்வேன். நெருப்பைப் பற்றிச் சொல்லப் பயம். ஊர்க் கண்ணீரையெல்லாம் எழுதியவன் அன்று என் கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் இருந்தேன். பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். வண்டி பழையது, புதியது வேண்டும் என்றேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘முந்தைய கடிதத்திலுள்ள முழங்கால் அதை எழுதியவனுடையது, திரு. மார்செலுக்கு ஒரு குறையுமில்லை.’

பங்குனியில் சுபாங்கி பேசினாள். நிலையம் மூடப்படாது, வண்டிக்கும் பணம் ஒதுக்கிவிட்டார்கள்.

“மார்செல் உங்கடை முழங்கால் எப்பிடி எண்டு கேட்டவர்.”

“நல்லா இருக்கு எண்டு சொல்லு” என்றேன். வலித்துக்கொண்டுதான் இருந்தது.